வெயிலுக்காகப் போகாதீர்கள்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்டதைவிட உங்கள் மாமியார் கேட்டதுதான் எனக்குப் பிடித்தது. "சென்னையில இல்லாத வெயிலா? அதுக்குக் காசு கொடுத்து ஸ்பெயினுக்குப் போகணுமா?" அவருக்குப் பதில் சொல்லிவிட்டால் உங்களுக்கும் சொன்னதாகிவிடும். வெயிலுக்காக என்றால் லான்சரோட்டே தீவில் நடக்கும் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம்) பயிற்சி முகாமுக்குப் போகவே வேண்டாம். வேறு காரணங்கள் இருக்கின்றன, அவற்றுக்காகப் போகலாம்.

லான்சரோட்டேயை வெப்பத்தீவு என்று சொல்பவர்கள் யார் என்று முதலில் பார்ப்போம். டென்மார்க்கிலும் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் ஜனவரி மாதம் நாலு, நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். சாலையில் பனி உறைந்து கிடக்கும்போது சைக்கிளை வெளியே எடுக்க முடியாது. வீட்டுக்குள் ட்ரெயினரில் மாட்டி, சுவரைப் பார்த்தபடி மணிக்கணக்கில் மிதிக்க வேண்டும். அப்படி இரண்டு மாதம் மிதித்தவருக்கு நாலைந்து மணி நேர விமானப் பயணத்தில் 20 டிகிரியும் காய்ந்த தார்ச்சாலையும் கிடைத்தால் அது சொர்க்கம். லான்சரோட்டே இருக்கும் கேனரித் தீவுகள் ஸ்பெயினைச் சேர்ந்தவை என்றாலும் இருப்பது ஆப்பிரிக்கக் கரைக்கு அருகில். லான்சரோட்டேயிலிருந்து அந்தக் கரை 125 கிலோமீட்டர்தான். 1983இல் டென்மார்க்காரர்கள் லா சான்டா என்ற மீனவ ஊருக்குப் பக்கத்தில் கிளப் லா சான்டா என்ற விளையாட்டு விடுதியைத் திறந்தார்கள். ஐம்பது மீட்டர் நீச்சல் குளங்கள், ஓடுதளம், பக்கத்திலேயே ஒரு காயல். அங்கே வேலை பார்த்த கென்னத் காஸ்க் என்ற டென்மார்க்காரர் 1992இல் தீவில் அயர்ன்மேன் என்ற முழுநீள டிரையத்லான் போட்டியைத் தொடங்கினார். அதன் பிறகு குளிர்காலம் வந்தால் ஐரோப்பாவின் பாதி டிரையத்லான் கூட்டம் அங்கேதான்.

ஆக, வெப்பம் என்பது அவர்கள் கணக்கு. நம் கணக்கு வேறு. பிப்ரவரியில் பகலில் 21 டிகிரி, இரவில் 14. அதோடு ஓயாத காற்று. காலை சைக்கிளில் கிளம்பும்போது உங்களுக்குக் கைக்கு உறை வேண்டும், உடம்புக்குக் காற்றுத் தடுப்புச் சட்டை வேண்டும். கடல்நீர் 18, 19 டிகிரியில் இருக்கும். வெட்சூட் என்ற ரப்பர் நீச்சல் உடை இல்லாமல் இறங்கினால் முதல் நிமிடம் மூச்சு அடைக்கும். பக்கத்தில் நார்வேக்காரர் ஒருவர் கையில்லாத பனியனோடு, முகம் சிவக்க, "என்ன அருமையான வெப்பம்!" என்பார். தலையாட்டி வையுங்கள்.

நீங்கள் கோவாவில் நடக்கும் அரை அயர்ன்மேனுக்குப் பெயர் கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். அந்த ஓட்டத்தில் ஆளைச் சாய்ப்பது தூரம் இல்லை, ஈரப்பதம். வியர்வை உலராமல் உடம்பிலேயே நிற்கும், உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். உடல் அதற்குப் பழக பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகும். ரத்தத்தின் திரவ அளவு கூடும், வியர்வை சீக்கிரம் வரத் தொடங்கும், அதில் உப்பு குறையும். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை ஈசிஆர் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டும் உங்களுக்கு இதெல்லாம் ஏற்கெனவே நடந்திருக்கும். லான்சரோட்டேயில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தால் கொஞ்சம் குறைந்துகூடப் போகலாம். மாமியார் சொன்னது விஞ்ஞானப்படியும் சரி.

சரி, அப்படியானால் எதற்குப் போவது? முதலில் காற்றுக்கு.

வடகிழக்கிலிருந்து வீசும் வாணிபக் காற்று அங்கே ஆண்டு முழுக்க உண்டு, கோடையில் இன்னும் பலமாக. அந்தத் தீவுக்காரர்கள் காற்றோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்பதை லா ஹெரியா பள்ளத்தாக்கில் பார்க்கலாம். 1730 செப்டம்பரில் வெடித்த எரிமலைகள் 1736 வரை ஓயவில்லை. தீவின் ஏறக்குறைய கால் பங்கு லாவாவுக்கும் சாம்பலுக்கும் கீழே போனது. யைசா ஊரின் பாதிரியார் லொரென்சோ குர்பெலோ அதை நேரில் பார்த்து நாட்குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார். பயிர்நிலம் போன மக்கள் பிறகு ஒன்றைக் கவனித்தார்கள். பிக்கோன் என்று அவர்கள் சொல்லும் அந்தக் கரும் எரிமலைச் சரளை இரவில் இறங்கும் பனியீரத்தை வாங்கிக்கொள்கிறது, பகலில் அடிமண்ணின் ஈரத்தை விடுவதில்லை. வருடத்துக்கு 150 மில்லிமீட்டர்கூட மழை பெய்யாத ஊர் அது. சரளையைப் பறித்து, அடியில் இருக்கும் பழைய மண் தட்டுப்படும்வரை புனல் மாதிரிக் குழி வெட்டி, ஒரு குழிக்கு ஒரு திராட்சைக் கொடி என்று வைத்தார்கள். குழியின் விளிம்பில், காற்று வரும் பக்கம் மட்டும், அரைவட்டமாக முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கினார்கள். மலைச்சரிவு முழுக்க ஆயிரக்கணக்கான அரைவட்டங்கள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. சைக்கிள் ஓட்டுபவருக்கு அதைவிட நல்ல திசைகாட்டி வேண்டாம். சுவரின் முதுகு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமிருந்துதான் அடி விழப்போகிறது.

யைசாவிலிருந்து வடக்கே திமன்ஃபாயா எரிமலைப் பூங்காவுக்குள் ஏறிப்போகும் சாலை முகாம்காரர்கள் எல்லோரும் போகும் சாலை. இரண்டு பக்கமும் உழுது போட்ட மாதிரிக் கறுப்பு லாவா. மரம் கிடையாது, நிழல் கிடையாது, ஒதுங்க ஒரு சுவர் கிடையாது. கண்ணுக்கு ஏற்றமே தெரியாது. ஆனால் கடைசி கியரில் மிதித்தும் மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்ட முடியாது, ஏனென்றால் காற்று முழுக்க முகத்தில். அதே சாலையில் திரும்பி வந்தால் சும்மா உட்கார்ந்திருக்கவே 45 காட்டும். ஈசிஆரில் ஓட்டும்போது நாம் எல்லோரும் வேகத்தைப் பார்த்து ஓட்டுகிறோம், 28 வந்தால் நல்ல நாள், 25 என்றால் கெட்ட நாள். அந்தக் கணக்கு திமன்ஃபாயாவில் முதல் நாளே செத்துப்போகும். அங்கே எண்ணைப் பார்த்துப் பயனில்லை, மூச்சையும் தொடையையும்தான் கேட்க வேண்டும். மிதிக்கும் பலத்தை அளக்கும் பவர் மீட்டர் இருந்தால் அதைப் பார்க்கலாம். இதை எந்தக் கோச்சும் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது, எதிர்காற்றில் ஒரு மணி நேரம் மிதித்தால் புரிந்துவிடும்.

பக்கக்காற்று வேறு கதை. லாவா மேட்டின் மறைவிலிருந்து வெளியே வரும் இடத்தில் பளாரென்று அடிக்கும், முன்சக்கரம் அரை அடி நகரும். பயத்தில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பவர்தான் விழுவார். முழங்கையை மடக்கி, பிடியைத் தளர்த்தி, உடம்பைத் தாழ்த்தி, சைக்கிளைத் தன்போக்கில் கொஞ்சம் ஆட விட வேண்டும். வாடகைக் கடையில் உயரமான விளிம்புச் சக்கரம் போட்ட அழகான சைக்கிளைக் காட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 55 கிலோ எடையுள்ள ஆளுக்கு அந்தக் காற்றில் அது பாய்மரம்.

இரண்டாவது, சாலை. அதைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, போனால் தெரியும். ஸ்பெயின் சட்டப்படி சைக்கிளை முந்தும் வண்டி ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் பின்னாலேயே வர வேண்டும், வருகிறார்கள். ஹாரன் அடிக்காமல் ஒரு லாரி நம் பின்னால் நிதானமாக வருவது முதலில் பயமாகத்தான் இருக்கும். வசைக்குப் பழகிய காதுக்கு அந்த மௌனம் பிடிபட ஒரு நாள் ஆகும். அர்ரியெத்தா கடற்கரையிலிருந்து தபயெஸ்கோ ஊர் வழியாக ஏறும் ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் மலைச்சாலையை மட்டும் தவற விடாதீர்கள். சீரான ஏற்றம், கொண்டை ஊசி வளைவுகள், திரும்பும் போதெல்லாம் கீழே கடல். மேலே போனால் இறக்கத்தில் பேரீச்ச மரங்களுக்கு நடுவே ஹரியா ஊர். தீவு முழுக்கச் சாலையோரத்தில் ஒரு விளம்பரப் பலகை காண முடியாது. செசார் மன்ரிக்கே என்ற ஓவியர் அதற்காகப் போராடிச் சாதித்தார். வீடுகள் வெள்ளை, சன்னல்கள் பச்சை, அடுக்குமாடி அரிது. 1992இல் அவர் சாலை விபத்தில் இறந்தார். இன்று விமான நிலையத்துக்கே அவர் பெயர்தான்.

நீச்சலுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் பயம் தெரிந்த ஒரே இடம் அது. முப்பத்தாறு வயதில் நீச்சல் கற்றவர், அலை வந்தால் தலையைத் தூக்கிவிடுகிறேன் என்கிறீர்கள். முகாமில் தண்ணீருக்கடியில் கேமரா வைத்து நாம் நீந்துவதைப் படமெடுத்து, மாலையில் எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டுவார்கள். கூச்சமாக இருந்தாலும் போய் உட்காருங்கள். அந்த முகாமின் விலையில் பாதி அங்கேயே திரும்பிவிடும். வயது வந்தபின் கற்ற எல்லோருக்கும் பெரும்பாலும் ஒரே குறைதான்: மூச்சுக்காகத் தலையை மேலே தூக்குகிறோம், தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே போகும், போன காலை இழுத்துக்கொண்டு போகவே கையின் பலமெல்லாம் செலவாகும். மேலேயிருந்து கோச் நூறு தடவை கத்தினாலும் ஏறாதது, தன் கால் தண்ணீருக்குள் தொங்குவதைத் தானே பார்த்தால் ஏறும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தக் குளிர்க் கடலில் வெட்சூட் போட்டே நீந்துவீர்கள். அதன் ரப்பர் உங்கள் காலைத் தானாக மிதக்க வைக்கும். நூறு மீட்டருக்குப் பல விநாடிகள் குறையும், உடனே நன்றாக நீந்துகிறோம் என்று தோன்றும். கோவாக் கடலின் வெதுவெதுப்பில் வெட்சூட்டுக்கு அனுமதி இருக்காது. ஆகவே குளத்தில் வெட்சூட் இல்லாமல் திருத்தம் செய்யுங்கள். கடலில் வேறு பாடம் படியுங்கள்: புவெர்த்தோ தெல் கார்மென் கடற்கரையில் முகாம்காரர்கள் கூட்டமாக இறங்குவார்கள், பக்கத்து ஆளின் கை உங்கள் முதுகில் விழும், முன்னால் போகிறவரின் கால் உங்கள் கண்ணாடியில் படும், நீங்கள் மூச்சின் ஒழுங்கு கெடாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை கண் மட்டும் தண்ணீருக்கு மேலே வரும்படி பார்த்து, கரையில் ஏதாவது உயரமான கட்டடத்தைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டும் மிதவையை நம்பினால் அலைக்கு நடுவே அது காணாமல் போகும். கழுத்தில் வெட்சூட் உரசும் இடத்தில் வாசலின் தடவ மறக்காதீர்கள். உப்புத்தண்ணீரில் அந்தப் புண் ஒரு வாரத்துக்கு ஆறாது.

மூன்றாவது காரணத்தை நான் கடைசியாக வைத்திருந்தாலும் அதுதான் முதல். சும்மா இருப்பது. முகாமில் ஒரு நாள் இப்படிப் போகும்: காலை ஏழரைக்கு நீச்சல், பிறகு நிறையச் சாப்பாடு, பத்து மணிக்குச் சைக்கிள், மூன்று நாலு மணி நேரம், திரும்பி வந்து சாப்பாடு, அப்புறம் தூக்கம். பகலில் ஒன்றரை மணி நேரத் தூக்கம். மாலையில் சின்ன ஓட்டம், உடம்பைத் தளர்த்தும் பயிற்சி, இரவுச் சாப்பாடு, மறுபடியும் தூக்கம். வாரத்துக்கு எட்டு மணி நேரம் பயிற்சி செய்தவர் அங்கே பதினெட்டு, இருபது மணி நேரம் செய்துவிடுவார், அதுவும் வீட்டில் எட்டு மணி நேரத்தில் வரும் களைப்பு வராமல். இதில் மந்திரம் ஒன்றும் கிடையாது. பயிற்சியில் உடம்பு உடைகிறது, ஓய்வில்தான் கட்டப்படுகிறது. தொழில்முறை வீரர்களுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கு திறமை, ஒரு பங்கு மதியத் தூக்கம். நீங்கள் அதிகாலை நாலரைக்கு எழுந்து சைக்கிள் ஓட்டி, ஏழரைக்குத் திரும்பி, பிள்ளைகளுக்கு டிபன் கட்டி, ஒன்பதரைக்கு வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்து, மாலை வந்து மறுபடி அடுப்படிக்குப் போகிறீர்கள். உங்கள் உடம்பு எப்போது கட்டிக்கொள்ளும்? முகாமில் உங்கள் தட்டை இன்னொருவர் கழுவுவார். அந்தக் காசு பெரும்பாலும் இதற்குத்தான், இதை வீட்டில் அப்படியே சொல்லுங்கள்.

சைவத்துக்குக் கஷ்டம் இல்லை. கடல் உப்புப் போட்டுத் தோல் சுருங்க அவித்த சின்ன உருளைக்கிழங்கும், பூண்டு மிளகாய் அரைத்த மோஹோ சாஸும் அந்த ஊர்ப் பதார்த்தம். கூடவே ஒரு கிண்ணம் வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டாவது கிண்ணம் தானாகக் கேட்பீர்கள். வறுத்து அரைத்த சோளமாவை கோஃபியோ என்பார்கள், நம் சத்துமாவின் தூரத்துச் சொந்தம். சைக்கிளில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் அதற்கு மேல் உறிஞ்சாது, ஃப்ரக்டோஸ் கலந்தால் வேறு வழியாகவும் உள்ளே போகும், 90 வரை ஏற்றலாம். பந்தயத்தில் எதைத் தின்னப்போகிறீர்களோ அதை அங்கேயே தின்று வயிற்றைப் பழக்குங்கள். காலை உணவு மேசையில் சைக்கிள் ஷூ தரையில் டக் டக் என்று ஒலிக்க, ஆளுக்கு இரண்டு வாழைப்பழத்தை முதுகுப் பையில் செருகிக்கொண்டு போவதை விடுதிக்காரர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார்கள்.

கெடுப்பது ஒன்று உண்டு, அது சக முகாம்காரர்கள். நல்லவர்கள்தான். ஆனால் முதல் நாள் எல்லோரும் புதுச் சைக்கிளில், புது ஜெர்சியில், பக்கத்து ஆளை அளந்தபடி கிளம்புவார்கள். சின்ன ஏற்றம் வந்தவுடன் பேச்சு நிற்கும், வேகம் கூடும். ராத்திரி சாப்பாட்டில் கைக்கடிகாரத்தைக் காட்டி எண்கள் பேசுவார்கள். நாலாம் நாள் அவர்களில் சிலர் நீச்சல் குளத்தின் ஓரத்தில் முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு இருப்பார்கள். வேகப்படி பிரிக்கும் குழுக்களில் நீங்கள் ஒரு குழு கீழே பெயர் கொடுங்கள். சைக்கிளில் நேரத்தைக் கூட்டலாம், எலும்புக்கும் தசைநாணுக்கும் அடி கிடையாது. ஓட்டத்தை மட்டும் வீட்டில் ஓடும் அளவுக்கு மேல் கூட்டாதீர்கள். குதிகால் நாண் ஒருமுறை வீங்கினால் கோவாவே போய்விடும். ஊர் திரும்பியதும் ஒரு வாரம் பாதிப் பயிற்சிதான். கிடைத்த லாபம் அதற்கடுத்த வாரம்தான் காலில் தெரியும், அதுவரை கால் கல்லாக இருக்கும், பயப்படாதீர்கள்.

இனி பணம். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது, மாட்ரிட், பார்சலோனா போன்ற ஊர்களில் மாறிப் போக வேண்டும். ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் முதல் இரண்டு இரவு நள்ளிரவு தாண்டியதும் விழிப்பு வரும். கோவா மட்டுமே குறி என்றால் புக்கெட்டில் தான்யபுரா விளையாட்டு மையத்தைப் பாருங்கள் என்பேன். அதுவும் தீவுதான், ஐம்பது மீட்டர் குளம் இருக்கிறது, கோவாவின் அதே புழுக்கம், ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், செலவும் குறைவு. அதுவும் முடியாதென்றால் ஏலகிரியில் அறை எடுத்து, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைத் தினமும் ஏறி, சமைக்காமல் நாலு நாள் தூங்கிவிட்டு வாருங்கள். மூன்றாவது காரணத்தில் முக்கால்வாசி அங்கேயே கிடைத்துவிடும். இதையெல்லாம் தாண்டியும் லான்சரோட்டேதான் என்றால், அது ஆசை. ஆசை என்றே சொல்லிப் போங்கள், உடல்நலம் என்று வீட்டில் கணக்குக் காட்டாதீர்கள். மாமியார் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்.

போவதாக முடிவானால் ஷெங்கன் விசாவுக்கு முன்கூட்டியே விண்ணப்பம் போடுங்கள், முகாமின் முன்பதிவுக் கடிதத்தையும் கூடவே வையுங்கள். சைக்கிளைப் பெட்டியில் கட்டி இரண்டு விமானம் மாற்றுவதைவிட அங்கே வாடகைக்கு எடுப்பது நிம்மதி. உங்கள் பெடலையும் சீட்டையும் மட்டும் கழற்றிக் கொண்டுபோங்கள், இடது பெடலின் மரை எதிர்த்திசை என்பது நினைவிருக்கட்டும். வண்டியை வாங்கியவுடன் பிரேக்கைப் பாருங்கள். நம் ஊரில் வலது கைப் பிடி முன்சக்கரத்துக்கு, ஐரோப்பிய வண்டிகளில் பெரும்பாலும் இடது கைப் பிடி முன்சக்கரத்துக்கு. கடைக்காரரிடம் சொன்னால் மாற்றித் தருவார், இல்லாவிட்டால் விடுதி வாசலிலேயே பத்து தடவை பிடித்துப் பழகிவிட்டுச் சாலைக்குப் போங்கள். அங்கே வலப்பக்கமாக ஓட்ட வேண்டும் என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக் கைப்பிடியில் ஒட்டிக்கொள்ளுங்கள். நூறு மீட்டர் எத்தனை விநாடியில் நீந்துகிறீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதினால் எந்தக் குழுவில் சேரலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பத்தி எழுத்தாளர்